ஆடை உடைக்கும் நாள்

அகரம்தென்,
21.4.2024

அன்புள்ள தம்பி வில்பிரட்டுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம், மாடுகளும் நலம். நீயும் ஆஷாவும் நாக்பூர் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்? அவளுடைய மூச்சிரைப்பு தேவலையா? இங்கே சித்திரை பிறந்த கையோடு தாம்பரம் அடுப்பாகிவிட்டது. கொட்டகையில் மின்விசிறி எனக்கு இல்லை, மாடுகளுக்குத்தான்.

போனை விட்டுவிட்டு இதென்ன கடிதம் என்று கேட்பாய். செவலை உதைத்ததில் இடது காது போனது உனக்குத் தெரியும். இப்போது வலது காதும் மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கிறது, போனில் வெறும் இரைச்சல்தான். கொட்டகை வேலைக்கு முனியம்மா இருப்பதால் தப்பித்தேன். பால்காரன், தவிட்டுக்கடைக்காரன், மாட்டு டாக்டர், யார் எது சொன்னாலும் அவள் என் வலது பக்கம் வந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்லுவாள். கட்டைவிரலால் தட்டுகிற தமிழ் எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். நீயும் பேனா எடுத்து எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் புல்வயலை ஒட்டி அடுக்குமாடி எழும்பியதே, அது முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ‘சில்வர் பிரீஸ்’ என்று காற்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் இப்போது அவர்களுக்கு ஆகவில்லை. கொட்டகை நாறுகிறது, சாணிக் கரைசல் ஏரியில் கலக்கிறது என்று சுகாதார ஆபீசுக்கு மனு போட்டிருக்கிறார்களாம். ஏரிக்கு ஒரு சொட்டுப் போகவிடுவேனா நான்? சாணியும் மூத்திரமும் கழுவின தண்ணியும் குழிக்குப் போகிறது, குழியிலிருந்து புல்லுக்குப் போகிறது, புல் மாட்டுக்குப் போகிறது. அப்பா போட்ட வழி. ஒரு மூட்டை உரம் நான் கடையில் வாங்கியதில்லை. குழியை மூடச் சொன்னால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் மாடு இல்லை. மாடும் போய்விட்டால் உன் அத்தானும் இல்லாத இந்த வீட்டில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நீ ஆபீஸ் பாஷை தெரிந்தவன். என்ன செய்யலாம் என்று யோசித்து எழுது.

அன்பு முத்தங்களுடன்,
உன் அக்கா மெட்டில்டா

*

நாக்பூர்,
14.5.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

கர்த்தரின் பெரிதான கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. ஆஷாவிடம் காட்டினேன். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றாள்.

மனு விஷயத்தில் பதறாதே. எனக்குச் சொல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. பதில் நான் எழுதித் தருகிறேன். அதற்குச் சில விவரம் வேண்டும். குழியைக் கிளறுவது எப்போது, எத்தனை நாளுக்கு ஒரு முறை? வாடை எவ்வளவு நேரம் நிற்கும்? காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? கொஞ்சம் விளக்கமாக எழுது. அப்பா காலத்தில் பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது.

உனக்கும் வயசாகிறது அக்கா. மாடுகளோடு இன்னும் எத்தனை காலம் மல்லுக்கட்டுவாய்? இதை அன்பில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

டிசம்பரோடு எனக்கு ஓய்வு. எங்கே குடியேறுவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆஷா கோயம்புத்தூர் என்கிறாள். பார்ப்போம், தேவசித்தம்.

அன்புடன்,
வில்பிரட்

பி.கு.: அந்த அடுக்குமாடியில் வீடுகள் எல்லாம் விற்றுவிட்டதா? சும்மா கேட்டேன்.

*

அகரம்தென்,
2.6.2024

அன்புள்ள வில்பிரட்டுக்கு,

ஸ்தோத்திரம். நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை முனியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “தம்பி இருக்கசொல்ல உனக்கு இன்னாம்மா பயம்?” என்றாள். நீ போன தடவை வந்தபோது அவளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாயே, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கரைசல் குழியில் நின்று நின்று மேலே தடித்துக்கொள்ளும். அதன்மேல் காக்கை உட்கார்ந்தாலும் தாங்கும். எல்லோரும் அதைப் பொருக்கு என்பார்கள். நம் வீட்டில் மட்டும் அதற்கு ஆடை என்று பெயர். அந்தப் பெயர் யார் வைத்தது என்று மறந்துவிட்டாயா? நீதான். பால் குடிக்கிற டம்ளரோடு கொட்டகைக்கு ஓடிவந்து, “அக்கா, குழி ஆடை கட்டியிருக்கு!” என்று கத்தினாய். சர்க்கரை போட்டுத் தா என்று வேறு கேட்டாய். அப்பா சிரித்த சிரிப்பில் கறந்த பாலைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து நமக்கு அது ஆடை உடைக்கிற வேலைதான். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது நானும் முனியம்மாவும் சொல்கிறோம்.

புல்லை அறுத்த மறுநாள்தான் ஆடை உடைப்போம். நீள மூங்கிலால் குத்தி உடைத்து, அடிவரை கிளறி, பங்குக்குப் பங்கு தண்ணீர் விட்டு, புல் வரிசைக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பாய்ச்சி, உடனே மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம். உடைக்கிற காலையில் நாறத்தான் நாறும், பொய் சொல்லமாட்டேன். மண் மூடினால் மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் அந்த அடுக்குமாடிக்காரர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகுதான் குழியைத் தொடுவது. அதற்காகவே சனி, ஞாயிறு வைத்துக்கொள்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் குழியைக் காலி செய்துவிட வேண்டும். நிரம்பின குழியில் மழை பெய்தால் வழியும். அதுதான் ஆபத்து.

வீடுகள் பாதி விற்றிருக்கிறதாம். அது எதற்கு உனக்கு? கோயம்புத்தூர் என்ன கோயம்புத்தூர்? மாடியில் உங்களுக்காக ஒரு அறை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் ஏரிப் பக்கம். ஆஷாவுக்குக் காற்று நன்றாக வரும்.

ஆசிகளுடன்,
அக்கா மெட்டில்டா

*

நாக்பூர்,
25.7.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

கிருபையால் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆபீசில் ஆடிட். ஆஷாவுக்கும் இடையில் உடம்பு சரியில்லை.

பதில் மனு இத்துடன் வைத்திருக்கிறேன். தூய்மையாகத்தான் பண்ணை நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடு.

ஒன்று மட்டும் செய். அடுத்து ஆடை உடைக்கும் தேதியை முன்கூட்டியே எனக்கு எழுது. அன்றைக்கு எந்தத் தொந்தரவும் வராமல் நாங்கள் இருவரும் இங்கே முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம்.

மாடி அறைக்காகச் சிரமப்படாதே.

அன்புடன்,
வில்பிரட்

*

அகரம்தென்,
6.8.2024

அன்புள்ள வில்பிரட்டுக்கு,

ஸ்தோத்திரம். நலம். அவசரத்தில் தபால் அட்டையில் எழுதுகிறேன். புல் அறுக்க ஆள் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் இருபது, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதுக்கு மேல் ஆடை உடைக்கிறோம். ஜெபத்தில் நினைத்துக்கொள். பதில் மனுவைக் கொடுத்துவிட்டேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா

*

அகரம்தென்,
27.8.2024

அன்புள்ள வில்பிரட்டுக்கு,

ஸ்தோத்திரம். உடம்பு நலம்தான். மனசுதான் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை மூங்கிலால் முதல் குத்துக் குத்தினோமோ இல்லையோ, வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. ஆபீசர் இறங்குகிறார். அந்த நேரத்தில் எந்தக் குழிதான் மணக்கும்? ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்து வந்திருந்தால் மண்ணைத்தான் பார்த்திருப்பார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. முனியம்மா வலது பக்கம் வந்து கத்தினாள்: “இன்னிக்குத்தானே ஆடை உடைக்கிற நாளுன்னு கேக்கறாரும்மா!”

என் காதுதான் தப்பாகக் கேட்கிறது என்று நினைத்தேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். அதே வார்த்தை. அப்புறம் அந்த மனிதர் என் காதுப் பக்கம் குனிந்து, “ஆடைன்னா என்னங்கம்மா? போன்ல தகவல் சொன்னவங்க அப்படித்தான் சொன்னாங்க. எனக்கே புரியலை” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பேர் சொல்லக்கூடாதாம்.

மறு உத்தரவு வரும்வரை குழியைத் திறக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்.

வில்பிரட், அந்த வார்த்தை அவர் வாயில் எப்படி வந்தது? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அப்பா கல்லறையில் இருக்கிறார். மீதி இருப்பவள் முனியம்மா. அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்க வருகிறாயா என்று அவளை ஏற்கெனவே கூப்பிட்டிருக்கிறார்கள். அவளே என்னிடம் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நேருக்கு நேர் கேட்டேன். “நான் இன்னாத்துக்கும்மா சொல்லப் போறேன்? அந்த பிளாட்காரன் எனக்கு மாமனா, மச்சானா?” என்றாள். அழக்கூட இல்லை. அழாததே எனக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. இனிமேல் கொட்டகைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன். டீக்கடையிலும், சபையில் பெண்கள் கூட்டத்திலும், யாரை நம்பி மோசம் போனேன் என்று சொல்லி ஆற்றிக்கொண்டேன்.

சொந்த மனுஷி மாதிரி வைத்திருந்தேன். வயிறு எரிகிறது. நான் செய்தது சரிதானே? எழுது.

அக்கா மெட்டில்டா

*

நாக்பூர்,
22.9.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

கிருபையால் நலம். உன் கடிதம் எங்களை மிகவும் வருத்தப்படுத்தியது.

முனியம்மா விஷயத்தில் நான் என்ன சொல்ல? வீட்டுக்குள் இருந்த பேச்சு வெளியே போயிருக்கிறது என்றால், நீ எடுத்த முடிவைத் தவறு என்று எப்படிச் சொல்வேன்? காலம் அப்படி. யாரையும் முழுசாக நம்ப முடியவில்லை.

நடந்தது ஒருவேளை நன்மைக்கே என்று எடுத்துக்கொள். மழைக்கு முன்னால் மாடுகளை நல்ல விலைக்குக் கொடுத்துவிடு. ஆளும் இல்லாமல், காதும் கேட்காமல், குழியோடு எதற்குப் போராட்டம்? நீ நிம்மதியாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
வில்பிரட்

*

அகரம்தென்,
27.10.2024

அன்புள்ள வில்பிரட்டுக்கு,

ஸ்தோத்திரம். இருக்கிறேன். ஆஷாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

எது நடக்கக்கூடாது என்று உனக்கு எழுதினேனோ அதுவே நடந்துவிட்டது. உத்தரவுக்காக நானும் ஆபீஸ் வாசலில் போய்ப் போய் நின்றேன். இன்று, நாளை என்றார்கள். மாடு உத்தரவு பார்த்தா சாணி போடும்? குழி விளிம்புவரை வந்தது. பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டினேன், அதுவும் நிரம்பியது. மழை பிடித்ததும் இரண்டும் ஒன்றாகி வழிந்தது. புல்வயலில் பாதி பச்சையாகக் கரைசலில் மூழ்கி, குருத்து அழுகிப்போனது. மீதிக் கரைசல் மழைத்தண்ணியோடு வேலியைத் தாண்டி ஏரிப் பக்கம் போனது. சித்திரையில் இல்லாத குற்றம் ஐப்பசியில் உண்மையாகிவிட்டது. அடுக்குமாடி மாடியிலிருந்து போனில் படம் எடுத்தார்கள். நான் மண்வெட்டியோடு மழையில் நிற்பதும் அதில் விழுந்திருக்கும்.

தீவனம் போதாமல் செவலையையும் அவள் மகளையும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். என் காதை உடைத்தவள்தான். ஆனாலும் வண்டியில் ஏற்றும்போது அவளைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

முனியம்மா அந்த அடுக்குமாடியில்தான் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பார்த்தாயா, நான் நினைத்தது சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? இப்போது என் வலது பக்கம் நிற்க ஆள் இல்லை. பால்காரன் வாயசைக்கிறான், நான் தலையாட்டுகிறேன்.

சீக்கிரம் எழுது. முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அக்கா மெட்டில்டா

*

அகரம்தென்,
24.11.2024

வில்பிரட்டுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது தெரியும். ஆஷா உன்னிடம் தன் பங்குக்குச் சொல்லியிருப்பாள். என் பங்கை நான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுக்குமாடி வாட்ச்மேன் வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். பி-304 வீட்டில் காலையில் பால் காய்ச்சுகிறார்கள், பாக்கெட் பால் வேண்டாம், கறந்த பசும்பால் வேண்டும், மெட்டில்டா அம்மாவே நேரில் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது, அசடு. நம் மாட்டுப் பால் நல்ல காரியத்துக்கு வேண்டும் என்கிறார்களே, இனி பகை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கன்று போட்டு மூன்று மாதமான லட்சுமியின் பாலைத் தனியாகக் கறந்தேன். துவைத்த சேலை கட்டினேன். புது வீட்டுக்காரர்களுக்காக ஒரு ஜெபம்கூடச் செய்துவிட்டுத்தான் போனேன்.

கதவைத் திறந்தது உன் பெண்டாட்டி.

நான் முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தேன் வில்பிரட். யாரோ சிநேகிதி வீட்டுக்கு நாக்பூரிலிருந்து வந்திருக்கிறாள், எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. நான் சட்டம் போட்டுக் கொடுத்த படம்.

கூடம் நிறைய அவள் சொந்தக்காரர்கள், நடுவில் வேதாகமத்தோடு ஒரு போதகர். உன்னை மட்டும் காணோம். ஓரத்தில் துடைப்பத்தோடு முனியம்மா. ஆஷா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் அத்தனை மெதுவாகச் சொன்னாள் போலிருக்கிறது. எனக்கு எப்படிக் கேட்கும்? “என்ன?” என்றேன். மறுபடியும் உதடு அசைந்தது. அப்போது முனியம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் நேரே என் வலது பக்கம் வந்து நின்று, அவளுக்கே உரிய குரலில் திருப்பிச் சொன்னாள்:

“ஆபீசருக்கு அவருதான் போன் பண்ணாராம்மா! ‘வேணாம்னு நான் சொன்னேன், கேக்கலை அண்ணி’ன்னு சொல்றாங்க!”

போதகர் வேதாகமத்தை மூடினார்.

பாலை நான் திருப்பிக் கொண்டு வரவில்லை. நல்ல காரியத்துக்குக் கொண்டு போனது. அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தேன். அது பொங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

படியில் முனியம்மா கூடவே இறங்கி வந்தாள். சீட்டை எழுதச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பியது அவள்தானாம். சுவரில் உன் படத்தைப் பார்த்த அன்றே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் சொன்னா நம்புவியா? ஒருவாட்டி சொன்னேனே, நம்புனியா? அதான் உன் கையாலயே பாலை எத்துகினு வரவெச்சேன்.”

படியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வா என்றேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. “மாட்டை உட்டு வந்ததுதாம்மா எனக்குப் பேஜாரு. ஆனா டீக்கடையில இன்னிக்கும் என்னைப் பாத்தா, காட்டிக்குடுத்தவ போறா பாருன்றான். அந்தப் பேச்சை யாரு திருப்பி வாங்குவா?” என்றாள்.

நான் சொன்ன பேச்சு அது. சொல்ல வைத்தவன் நீ. சரிதானா என்று உன்னிடம்தான் கேட்டேன். தவறு என்று எப்படிச் சொல்வேன் என்று எழுதினாய். ஒரே ஒரு வரி, ‘அவளாக இருக்காது அக்கா’ என்று எழுதியிருந்தால்கூட உன் ரகசியம் உன்னோடு இருந்திருக்கும். ஒரு ஏழையின் பேரை என் கையால் கெடுக்கவிட்டு நாக்பூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வீடு வாங்கினதைக்கூட நான் மறந்துவிடுவேன். போன் பண்ணினதையும் என்றாவது மறக்கலாம். இதை மறக்கமாட்டேன். தேதி கேட்டாயே, ஜெபிக்கிறேன் என்று! முழங்கால் போட்டுக்கொண்டேதான் போன் பண்ணினாயா?

டீக்கடையில் நான் போய்ச் சொல்லிவிட்டேன், என் தம்பிதான் என்று. சபையிலும் எழுந்து நின்று சொன்னேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. முனியம்மாவுக்கு உன் கைப்பட எழுது. ‘சொன்னது நீ இல்லை, நான்’ என்று எழுது, போதும். நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். அந்தக் கடிதம் வரட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மெட்டில்டா

*

நாக்பூர்,
18.12.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ நினைக்கிற மாதிரி இல்லை அக்கா. அந்த வீட்டை வாங்கியதே உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான். ஓய்வுக்குப் பிறகு உனக்குத் துணையாக இருப்போம், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தோம். ஆஷாவின் மூச்சிரைப்பு உனக்குத் தெரியும். குழி இருந்தால் அவளால் அங்கே ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று டாக்டரே சொன்னார். மாடுகளைக் கொடுத்துவிடு என்று உன்னிடம் நேராகச் சொன்னால் கேட்கிறவளா நீ? வேறு வழி தெரியவில்லை. குடியிருப்போர் சங்கத்திலும் மிகவும் நெருக்கினார்கள். கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை, கர்த்தர் அறிவார்.

இந்த மாதக் கடைசியில் ஓய்வு. ஜனவரி முதல் வாரம் பி-304க்கு வந்துவிடுவோம். நமக்குள் என்ன இருக்கிறது? ஒரே ரத்தம். கேக் வாங்கிக்கொண்டு வருகிறோம். உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும். பால்கனியில் நின்றால் உன் வீட்டு மாடி அறை தெரியும் என்று ஆஷா சொன்னாள்.

மாறாத பாசத்துடன்,
வில்பிரட்

*

மெட்டில்டா மாட்டுப் பண்ணை,
அகரம்தென்,
13.1.2025

பி-304, சில்வர் பிரீஸ் குடியிருப்பின் உரிமையாளர் திரு. வில்பிரட் அவர்களுக்கு,

கடந்த வாரம் ஆபீசர் பார்வையிட்டு, எங்கள் பண்ணையின் சாணிக் கரைசல் குழியைத் திறக்க அனுமதி அளித்துள்ளார். ஒவ்வொரு முறையும் குழியைத் திறக்குமுன், சுற்றுச்சுவரை ஒட்டிய வீடுகளுக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதன்படி இந்த அறிவிப்பு.

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல் குழியின் பொருக்கை உடைத்துக் கரைசலைப் புல்லுக்குப் பாய்ச்ச இருக்கிறோம். மண் மூடும் வேலை முடியும்வரை வாடை இருக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் அன்று மத்தியானம்வரை ஜன்னல்களை மூடிவைத்துக்கொள்ளவும்.

குழியின் முழுப் பொறுப்பும் இனி திருமதி முனியம்மாவைச் சேர்ந்தது. இந்த அறிவிப்பை நேரில் கொண்டு வருபவரும் அவரே. பெற்றுக்கொண்டதற்கு அவர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்.

மேற்படி தேதியை ஆபீசுக்கு நாங்களே தெரிவித்துவிட்டோம். தாங்கள் போன் செய்யச் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
மெட்டில்டா
பண்ணை உரிமையாளர்